திரைப்படக் களங்களும் இடப்பெயர் வழக்கும்: இராமநகரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

திரைப்படம் எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிச் சென்று காணும் வழக்கம் சுற்றுலாவின் தனியொரு பிரிவாகவே வளர்ந்துவிட்டது. இவ்வழக்கம் ஓர் இடத்தின் பெயரை என்ன செய்கிறது என்னும் வினா மொழியியலார்க்கு உரியது. ஆயினும் இடப்பெயராய்வு கல்வெட்டையும் வருவாய்ப் பதிவேட்டையும் நோக்கிய அளவுக்கு இதனை நோக்கவில்லை. சுற்றுலாக் கையேடுகள் திரைப்படப் பெயரை முன்னிறுத்திப் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளுகின்றன. சிலபோது அதனையும் விட்டுவிடுகின்றன. பெங்களூரு–மைசூரு சாலையிலுள்ள இராமநகரத்தை முதன்மைச் சான்றாகவும் கொடைக்கானல், பஹல்காம் ஆகியவற்றை ஒப்புச் சான்றுகளாகவும் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலை அணுகுகிறது. திரைப்படப் பெயர் எல்லா இடத்தும் பழைய பெயரை வென்றுவிடுவதில்லை. அது வெல்வதும் தோற்பதும் படத்தின் புகழைப் பொறுத்தன அல்ல. பழைய பெயரை அன்றாடம் வழங்கும் மக்கள் அவ்விடத்தில் உளரா என்பதைப் பொறுத்தன என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

இராமநகரத்தின் பெயர் அடுக்குகள்

இராமநகரம் பெயர் மாற்றங்களுக்குப் பழகிய ஊர். திப்பு சுல்தான் காலத்தில் அது ஷம்சேராபாத் எனப்பட்டது. 1799-க்குப் பின் மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த பேரி குளோஸ் என்பவரின் பெயரால் குளோஸ்பேட் ஆயிற்று. ஆங்கிலேயரின் பெயரும் தமிழில் ‘பேட்டை’ என நாம் வழங்கும் பொதுக்கூறும் இணைந்த கலப்புத்தொடர் இது. 20-ஆம் நூற்றாண்டில் இராமநகரம் என்னும் பெயர் நிலைபெற்றது. 2007-இல் இவ்வூர் தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. 2025-இல் அம்மாவட்டத்தின் பெயர் பெங்களூரு தெற்கு என மாற்றப்பட்டது. தலைமையிடத்தின் பெயர் மட்டும் தப்பியது.

இவற்றுள் குளோஸ்பேட்டின் பிற்காலம் சுவையானது. ஊர் அப்பெயரைக் கைவிட்டது, நிலவியல் கைவிடவில்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மையுடைய இப்பகுதிக் கருங்கல் இன்றும் நிலவியலார் எழுத்துகளில் குளோஸ்பேட் கிரானைட் என்றே வழங்குகிறது. ஒரு பெயர் வாழ்வதற்கு ஊரே வேண்டுமென்பதில்லை. அதை இடைவிடாது பயன்படுத்தும் ஒரு குழு இருந்தால் போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஊரை அடுத்து நிற்கும் பாறைமலை இராமதேவர பெட்டா. தொட்டபெட்டாவை அறிந்த தமிழர்க்குப் ‘பெட்டா’ என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மலைமேல் இராமர் கோயில் உண்டு. இராமர் வனவாச காலத்தில் இங்குத் தங்கினார் என்பது வழிவழிக் கதை. இம்மலையடிவாரத்தில்தான் 1973 அக்டோபரில் இரமேஷ் சிப்பி ‘ஷோலே’ படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். இராம்கட் என்னும் சிற்றூர் ஒன்று இங்கு முழுமையாகக் கட்டப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து படப்பிடிப்பிடத்துக்குச் சாலையும் போடப்பட்டது. படம் 1975 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. செயற்கைச் சிற்றூர் பின்னர்க் கலைக்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் காண்பன பாறைகளும் படிக்கட்டும் கோயிலுமே. காண்பதற்கு இல்லாத ஒன்றைக் காணவே பலர் வருகின்றனர். ஆகவே அதனைக் காட்டும் பொறுப்பு முழுவதும் சொல்லின்மேல் விழுகிறது.

மலைக்கு வந்த வேற்றுமொழி

வழிகாட்டுவோர் பேச்சு இங்குக் கருதத்தக்கது. “இங்கேதான் கப்பர் இருந்தான், அந்தப் பாறையின் மேலிருந்துதான் பார்த்தான்” என்ற அமைப்பிலேயே அது பெரிதும் நிகழ்கிறது. இந்த நடிகர் இந்தக் காட்சியில் இங்கு நின்று நடித்தார் என்னும் அமைப்பு அருகியே வருகிறது. ‘இங்கே’ என்னும் சுட்டு ஒரே வேளையில் இரண்டு இடங்களைச் சுட்டுகிறது. ஒன்று காலடியில் உள்ள கருங்கல். மற்றொன்று கதையில் மட்டுமே உள்ள இராம்கட். கேட்போர் எவரும் இதனால் குழம்புவதில்லை. தலபுராணம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இவ்விரட்டைச் சுட்டு புதிதன்று. ‘இங்கேதான் இராமர் தங்கினார்’ என்பதும் இதே தொடரமைப்புத்தானே! வேறுபாடு மரியாதை விகுதியில் உள்ளது. ஒரே மூச்சில் இராமருக்கு ‘ஆர்’ ஈறும் கப்பருக்கு ‘ஆன்’ ஈறும் வந்துவிடுகின்றன. நடிகரைக் குறித்திருப்பின் அம்ஜத் கானுக்கும் ‘ஆர்’ ஈறே கிடைத்திருக்கும்.

எனவே திரைப்படம் இம்மலைக்கு ஒரு கதையைக் கொண்டுவந்தது என்பதைக் குறையாகக் கூறுவதற்கில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. இப்பகுதியின் மொழி கன்னடம். பட்டுநூல் தொழிலோடு தொடர்புடைய முஸ்லிம் மக்களிடையே தக்கினி உருது பரவலாக வழங்குகிறது. தமிழும் தெலுங்கும் அறிந்தோர் பலர். படத்தின் இராம்கட்டிலோ இவற்றுள் ஒன்றும் ஒலிப்பதில்லை. சலீம்–ஜாவேத் எழுதிய உரையாடலில் கப்பரின் பேச்சு கடிபோலியும் அவதியும் கலந்தது. சூர்மா போபாலியின் பேச்சு அவன் பெயருக்கேற்பப் போபால் வழக்கு. அதாவது வட்டார வழக்கின் மேல் அக்கறை கொண்ட உரையாடல்தான் அது. அந்த அக்கறை பாறை இருந்த வட்டாரத்தின்மேல் இல்லை. தக்காணத்துப் பாறைக்கு வடக்கின் நாவு பொருத்தப்பட்டது. இந்தித் திரைப்படத்தைத் தக்கினியில் எடுத்திருக்க வேண்டும் என்று கூற வரவில்லை. கதை நிகழுமிடம் வடக்கு என்பது படைப்பாளரின் உரிமை. படப்பிடிப்பிடத்தைப் பற்றி எழுதுவோர் இவ்விடைவெளியைக் குறிப்பிடாது விடுவதே திறனாய்வுக்குரியது. 1984-இல் வெளிவந்த டேவிட் லீனின் ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்துக்கும் இப்பகுதிப் பாறைமலைகள் பயன்பட்டன. அங்கும் அவை கங்கைச் சமவெளியை ஒட்டிய கற்பனைக் குகைகளாகவே நின்றன. இருமுறை நடித்தும் இம்மலை ஒருமுறைகூடத் தன் வேடத்தில் தோன்றவில்லை.

விளக்கத்தொடரும் சிறப்புப்பெயரும்

திரைப்படப் பெயர் இடப்பெயராவது படிப்படியாக நிகழ்வது. ‘ஷோலே எடுத்த இடம்’ என்பது வெறும் விளக்கத்தொடர். பெயரெச்சம் அதில் உயிரோடு இருக்கிறது. ‘ஷோலே மலை’ என்பது தொகைநிலை. எடுத்தல் என்னும் வினை மறைந்துவிட்டாலும் மலை என்னும் பொதுக்கூறு அதன் காரணத்தை வினவத் தூண்டும். அரசுப் பலகையிலும் நிலப்படத்திலும் ஏறிய பின்னரே அது முழுமையான சிறப்புப்பெயராகிறது. (தீப்பிழம்புகள் எனப் பொருள்படும் உருதுச் சொல் தமிழர் செவியில் ‘சோலைமலை’ என ஒலிக்கக்கூடும் என்பதையும் இடையே குறித்துவைக்கலாம். மக்கட் சொற்பிறப்பு இத்தகைய வாயில்கள் வழியாகத்தான் நுழைகிறது.)

அரை நூற்றாண்டு கடந்தும் இராமநகரத்தில் இம்மாற்றம் இரண்டாம் படியிலேயே நிற்கிறது. வெளியூரார் ஷோலே மலை என்பர். ஊரார்க்கு அது இராமதேவர பெட்டாவே. ஊரின் ஒரு பகுதிக்கு இயக்குநர் பெயரால் சிப்பி நகர் என்ற பெயர் சிலகாலம் வழங்கியதும் உண்டு, அதுவும் நிலைக்கவில்லை. இந்தியத் திரைப்படங்களுள் ஷோலேயைவிடப் புகழ்பெற்றவை மிகச் சில. அப்புகழாலும் ஒரு கோயில் மலையின் பெயரை அசைக்க இயலவில்லை. கோயிலுக்குப் படியேறுவோர் நாள்தோறும் அப்பெயரைச் சொல்கின்றனர். திருவிழா ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கிறது.

2012-இல் இம்மலைப் பகுதி பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் இவ்வகையில் முதலாவது இது என்பர். கருங்கழுத்துப் பாறு இங்குள்ள செங்குத்துப் பாறைகளில் கூடுகட்டுகிறது. அறிவிப்பில் இடம்பெற்ற பெயர் இராமதேவர பெட்டா என்பதே. 2017-இல் ஷோலேயின் சிற்றூரை முப்பரிமாணக் காட்சியாக மீட்டுருவாக்கும் திட்டத்தை மாநிலச் சுற்றுலாத் துறை அறிவித்தபோது, அது பறவைகளின் வாழிடத்துக்கு ஊறு செய்யும் என்ற எதிர்ப்பு எழுந்தது. இதனை இடத்துக்கும் படத்துக்கும் இடையிலான பூசலாக மட்டும் காண்பது போதாது. ஒரே நிலத்துண்டு இரு பெயர்களால் இரு பயன்களுக்கு அழைக்கப்பட்டது. எப்பெயரால் அழைக்கிறோமோ அப்பெயருக்குரிய பயனே நம் கண்ணுக்கு முதலில் தோன்றும்.

அண்மையிலுள்ள பிற காட்சியிடங்களைக் கையேடுகள் ஷோலேயின் பிற்சேர்க்கையாகவே கூறுவது வழக்கம். எச்.எல்.நாகேகௌடரின் முயற்சியால் 1994-இல் உருவான ஜானபத லோகா என்னும் நாட்டார் கலைக்கூடம், பெரும் பட்டுக்கூட்டுச் சந்தை, சென்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் ஆகியவை இவ்வாறு இறுதி வரிகளுக்குத் தள்ளப்படுகின்றன. வட்டாரச் சொல்வளம் உண்மையில் இங்குதான் உள்ளது. சென்னபட்டணத்தார் பொம்மைக்குக் கடைவது தமிழில் வெட்பாலை எனப்படும் மரம். அவர்கள் அதனை ‘ஆலெ’ என்பர். பட்டுக்கூட்டுச் சந்தையில் ஒருநாள் நின்று செவிமடுத்தால் கன்னடமும் தக்கினியும் ஒன்றுக்கொன்று சொல் கொடுத்து வாங்குவதைக் கேட்கலாம். இராம்கட்டின் கற்பனைப் பேச்சைவிட இது ஆய்வாளர்க்கு மட்டுமன்றிப் பயணிக்கும் சுவை தரும் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம். 2023-இல் திறக்கப்பட்ட புதிய விரைவுச்சாலை இவ்விரு ஊர்களையும் புறவழியாகக் கடந்து செல்கிறது. இனி இங்கு இறங்குவோர் தேடி வருவோரே. அவர்கள் எதைத் தேடி வருவர் என்பதைக் கையேட்டின் முதல் வரியே பெரும்பாலும் முடிவு செய்யும்.

பேதாப், குணா

பஹல்காமுக்கும் சந்தன்வாரிக்கும் இடையேயுள்ள பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1983-இல் வெளிவந்த ‘பேதாப்’ படத்தின் பெயரே இன்று அதன் அரசுமுறைப் பெயர்போல வழங்குகிறது. பேதாப் என்பதற்கு அமைதியற்ற, தவிக்கின்ற என்பது பொருள். படத்தை அறியாத தலைமுறைக்கு அது தவிப்பின் பள்ளத்தாக்கு. காரணப்பெயராகத் தோன்றும் இடுகுறிப்பெயர். பழைய பெயரை ஆங்கிலக் கையேடுகள் ஹஜன் என்றும் ஹகன் என்றும் இருவகையாகப் படிக்குமாறு எழுதுகின்றன. உரோமன் எழுத்து ஒன்று இரு ஒலிகளுக்கு இடந்தருவதால் நேர்ந்த ஊசலாட்டமாக இது இருக்கலாம். ஆயின் பேசுவோர் வாயிலாக அப்பெயர் எழுதுவோரை எட்டியிருந்தால் இவ்வூசலாட்டத்துக்கு இடமே இராது. பருவந்தோறும் மந்தையோடு வந்து செல்வோரின் மேய்ச்சல் நிலங்களுக்கு நிலையான குடியிருப்போ கோயிலோ பெயர்க்காவலாக அமைவதில்லை. புதிய பெயர் காலியிடத்தில் குடியேறுவதுபோல அங்குக் குடியேறிவிடுகிறது.

கொடைக்கானல் குணா குகையின் நிலை மேலும் சிக்கலானது. தூண்பாறைகளை அடுத்த இக்குகையை 1821-இல் வார்டு என்னும் ஆங்கில அலுவலர் பதிவு செய்தார். பின்னர் டெவில்ஸ் கிச்சன், அதாவது பேயின் அடுக்களை எனப்பட்டது. 1991-இல் வெளிவந்த ‘குணா’வுக்குப் பின் மக்கள் வழக்கு மாறியது. இங்குப் படத்தின் பெயர் இடம்பெயர்த்தது தமிழ்ப் பெயரையன்று, ஆங்கிலேயர் இட்ட பெயரை. ஒருவகையில் இதனைத் தமிழ் மக்கள் தாமே இட்டுக்கொண்ட பெயர் எனலாம். இலக்கண நோக்கில் இது தானியாகுபெயர் போன்றது. தானத்தில் இருந்த பாத்திரத்தின் பெயர் தானத்துக்கு ஆகி வந்துள்ளது. அப்படத்துக்கு முதலில் எண்ணிய பெயர் ‘மதிகெட்டான் சோலை’ என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. கொடைக்கானல் மலைப்பகுதியிலும் இடுக்கி மாவட்டத்திலும் வழங்கும் பழைய காட்டுப்பெயர் அது. இடப்பெயரைச் சூட இருந்த படம் அதனைச் சூடாது விட்டு, இறுதியில் ஓர் இடத்துக்குத் தன் பெயரைச் சூட்டியது.

மகிழ்வோடு இதனை இங்கு நிறுத்திவிட முடியவில்லை. மதிகெட்டான் என்பது எச்சரிக்கைப் பெயர்: உள்ளே சென்றவன் திசையறியாது மதிமயங்குவான் என்று அது கூறுகிறது. பேயின் அடுக்களையும், யார் இட்டதாயினும், எச்சரிக்கையே. குணா என்னும் பெயரில் அச்சம் இல்லை. காதற்பாடலின் நினைவு உண்டு. அக்குகைப் பிளவுகளில் பலர் விழுந்து மாண்டனர். 2006-இல் மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் விழுந்து நண்பரால் மீட்கப்பட்டார். அந்நிகழ்ச்சியை வைத்து 2024-இல் வந்த மலையாளப் படம் பெருங்கூட்டத்தை மீண்டும் அங்கு அனுப்பியது. பெயர்தான் மக்களைத் தள்ளியது என்று கூறுவது மிகை. ஆயினும் பெயரில் பொதிந்திருந்த அறிவு நீங்கியபோது அவ்விடத்தை நிரப்பக் கம்பிவேலியும் அறிவிப்புப் பலகையும் தேவைப்பட்டன என்பது மிகையன்று.

சுற்றுலாத் துறைகள் திரைப்படப் பெயரைப் பலகையில் எழுதுவதை எதிர்ப்பதில் பொருளில்லை. மக்கள் வழக்கைப் பதிவு செய்வது நம் தொழிலேயாகும். வேண்டுவது, அதே பலகையில் அதே அளவு எழுத்தில் பழைய பெயரும், வட்டார மொழியின் எழுத்திலேயே அதன் ஒலிப்பும், பொருள் தெரிந்தவிடத்துப் பொருளும் இடம்பெறுவது. இராமநகரத்தில் இது ஒரு வண்ணக்காரரின் அரைநாள் வேலை. பஹல்காமில் அதற்கு முன்னர்க் களப்பணி தேவை. அப்பள்ளத்தாக்கில் மந்தை மேய்க்கும் குஜ்ஜர், பக்கர்வால் முதியோரிடமும் சூழவுள்ள காஷ்மீரி பேசுவோரிடமும் சென்று, ஹஜனா ஹகனா என்பதையும், பள்ளத்தாக்கின் தனித்தனி மேடுகளுக்கும் ஓடைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும் ஒலிப்பதிவு செய்தல் அதன் முதற்படி.