ஆபுத்திரனின் பிறப்பறிவு

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாற்றை அமுதசுரபியின் தோற்றம் கூறும் கிளைக்கதை என்று கொள்வது வழக்கம். வளர்ப்பு மகன் தன் பிறப்பை அறியும் நிலையைச் சாத்தனார் இருமுறை ஆராயும் இடம் அஃது என்பதே நம் கருத்து.

சாலி ஈன்று நீத்த குழவிக்கு ஆ ஒன்று ஏழு நாள் பாலூட்டிற்று. இளம்பூதி எடுத்து வளர்த்தான். வேள்விப் பசுவை மகன் விடுவித்தபோது, அவன் பிறப்பு அந்தணர் வாயிலாகப் பழியுரையாய் வெளிப்பட்டது. வளர்த்தவனும் மனையினின்று கடிந்தான். சாவக நாட்டில் மறுபிறப்பெய்திய புண்ணியராசனுக்கோ, மணிமேகலை குறிப்பித்தபின், வளர்த்த தாய் அமரசுந்தரியே உண்மையை உரைக்கின்றாள். அவன் கலங்குகின்றான், எனினும் மணிபல்லவம் சென்று தன் முற்பிறப்பின் என்பினைக் கண்டு தெளிகின்றான்.

இரண்டிடத்தும் செய்தி ஒருதன்மைத்தே; உரைப்பாரும் அவர்தம் நோக்கமுமே வேறு. முன்னையது மனையை இழப்பித்தது. பின்னையது வேரைக் காட்டிற்று. இந்திய நாட்டின் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகள் வளர்ப்பு மக்கள் தம் வேர் தேடுதற்கு இடமளிக்கும் இந்நாளில், இவ்வேறுபாடு எண்ணத்தக்கது.

ஈன்ற சாலியை அவன் யாண்டும் காணவில்லை. 'ஆவின் மகன்' என இகழ்ந்தோர் சொல்லையே புலவர் அவனுக்குப் பெயராக்கினார். பாலூட்டிய உறவு அப்பெயரில் நிலைபெற்றது.