பவளத்துக்கு ஜுரம்

‘சேஸிங் கோரல்’ என்று ஒரு டாகுமெண்டரி. 2017-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. இயக்குநர் ஜெஃப் ஆர்லோவ்ஸ்கி. விருதெல்லாம் வாங்கிய படம். ஒரு குறை தவிர, நல்ல படம்.

லண்டனில் விளம்பரத் துறையில் இருந்த ரிச்சர்ட் வீவர்ஸ் வேலையை உதறிவிட்டுக் கடலுக்குள் இறங்குகிறார். அவருக்கு ஒரு விளம்பரக்காரனின் கவலை: பவளப்பாறைகள் சாவதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காததை எவனும் நம்ப மாட்டான். சரி, கேமரா வைத்துப் படமெடுத்துக் காட்டுவோம் என்று கிளம்புகிறார்கள். கண்ணாடியைத் துடைக்கத் தானே இயங்கும் வைப்பர் எல்லாம் வைத்த கேமரா. ஆனால் ஃபோகஸ் போய்விடுகிறது! கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஜாக் ராகோ என்ற இளைஞர் தினம் தினம் முங்கி, ஒரே இடத்தில் நின்று, கையாலேயே படம் எடுக்கிறார். நாளுக்கு நாள் பவளம் வெளுக்கிறது. பிறகு அதன் மேல் பாசி படர்கிறது. அந்தப் பையன் முகத்தைப் பாருங்கள். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர் முகம் அது.

பவளம் என்பது கல் அல்ல, பிராணி. உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை சமைத்துத் தருவதைச் சாப்பிடுகிறது. வழக்கமான கோடையைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடு சில வாரம் நீடித்தால் குடித்தனக்காரர்களை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் எலும்பு தெரியும். சூடு தணியாவிட்டால் பட்டினிதான். 2016-ல் மட்டும் அங்கே ஆழமில்லாத நீரில் இருந்த பவளத்தில் 29 சதவிகிதம் போயிற்று.

இனி அந்தக் குறை. படம் சாவைக் காட்டுகிறது. வைத்தியரைச் சரியாகக் காட்டவில்லை. இத்தனைக்கும் உலகிலேயே மிகக் கவனமாகப் பராமரிக்கப்படும் பவளப்பாறை இது. 1975-ல் தனிச்சட்டம் போட்டார்கள். மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதி ஐந்து சதவிகிதத்துக்கும் கீழே இருந்தது. 2004-ல் அதை 33 ஆக்கினார்கள். பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன்களை டைவர்கள் தேடிப் போய் ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் கொல்கிறார்கள். மருந்து, மாட்டுப் பித்தம் அல்லது சாதாரண வினிகர்! கடல் சூட்டைத்தான் எந்த ஊசியாலும் இறக்க முடியவில்லை.

நாடி பார்ப்பதும் சுவாரசியம்தான். படகுக்குப் பின்னால் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மிதந்து வருவார். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை படகு நிற்கும். உயிருள்ள பவளம் எவ்வளவு, நட்சத்திர மீன் எத்தனை என்று குறித்துக்கொள்வார். மறுபடி இழுப்பு. 1980-களின் நடுவிலிருந்து இப்படிக் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். பின்னணி இசைக்கு வாய்ப்பில்லாத வேலை என்பதால் ஆர்லோவ்ஸ்கி விட்டுவிட்டார் போல.

விட்டதன் விலை 2022-ல் தெரிந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் வடக்கிலும் நடுப்பகுதியிலும் பவளப் பரப்பு 36 வருஷத்தில் இல்லாத உச்சம். ‘செத்துப்போச்சுன்னு அழுதீங்களே?’ என்று கிண்டல் செய்தார்கள் பலர். வளர்ந்ததில் பெரும்பகுதி அக்ரோபோரா என்ற வேகமாக வளரும் ரகம். சூடு, புயல், நட்சத்திர மீன் மூன்றுக்குமே முதல் பலி அதுதான். சீமைக் கருவேலம் மண்டிய கண்மாயும் மேலிருந்து பார்த்தால் பச்சைதானே? (உவமை கொஞ்சம் அநியாயம். அக்ரோபோரா அந்த ஊர்க்காரன்தான்.) பரப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, பரப்பில் இருப்பது யார் என்பது இன்னொன்று. இதைப் படம் மூன்று நிமிஷம் சொல்லியிருந்தால், பார்த்து அழுத ஜனம் 2022-ல் குழம்பியிருக்காது.

2024-ல் மறுபடி கடும் வெளுப்பு. 2025 அறிக்கைப்படி தெற்கே ஒரே வருஷத்தில் 38.9 சதவிகிதம் 26.9 ஆகிவிட்டது. வடக்கே 39.8 இருந்தது 30.

படத்தை அவசியம் பாருங்கள். ஜாக் தன் சிறுவயது ஹீரோவான பவள விஞ்ஞானி சார்லி வெரானைச் சந்திக்கும் காட்சிக்காகவாவது. அறிக்கை ஆகஸ்ட் மாதம் வரும். அதையும் ஒரு புரட்டு புரட்டிவிடுங்கள்.