சூரன் பெற்ற இடம்: கந்தபுராணமும் நமது வாசிப்பும்

கந்தசஷ்டி வரும்போதெல்லாம் முருகப்பெருமானின் குணநலன்களை எடுத்தோதி, அவற்றிலிருந்து வாழ்க்கைக்கு வேண்டிய பாடங்களைப் பெறுமாறு பணிக்கும் சொற்பொழிவுகளும் கட்டுரைகளும் நம்மிடையே பெருகுவது வழக்கம். வீரம், ஞானம், இளமை, அருள் என ஒரு வரிசை. ஒவ்வொன்றிற்கும் ஓர் அறிவுரை. இம்முயற்சி தவறன்று. ஆனால், கச்சியப்ப சிவாசாரியார் 10,000 இற்கும் மேற்பட்ட செய்யுள்களில் விரித்துரைத்த ஒரு காவியத்தை இவ்வாறு குணப்பட்டியலாகச் சுருக்குமிடத்து, அக்காவியம் எதனை அழுத்திக் கூறுகின்றதோ அதுவே நம் கைநழுவிப் போகின்றது.

முருகனின் வீரத்தைப் பற்றிப் பேசுவோர் வேலின் வலிமையையே பெரிதும் பேசுவர். நூலிலோ வேலுக்கு முன் தூது வருகின்றது. திருச்செந்தூரில் படையுடன் தங்கிய முருகன், வீரவாகு தேவரை மகேந்திரபுரிக்கு அனுப்புகின்றான். சிறையிலிருக்கும் சயந்தனையும் தேவரையும் விடுவித்தாற் போர் இல்லை என்பதே தூதின் பொருள். சூரன் இணங்கமாட்டான் என்பது இறைவனுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் பகைவனுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்படுகின்றது. மறுபுறத்தில், தம்பி சிங்கமுகனும் சிறைவிடுமாறே அண்ணனுக்கு எடுத்துரைக்கின்றான். அவ்வுரை ஏற்கப்படாதபோதும் அண்ணனைப் பிரியாது நின்று மடிகின்றான். அசுரரெல்லாம் கொடியோர் என்ற எளிய பாகுபாட்டைக் காவியம் ஏற்கவில்லை என்பதற்கு இவன் ஒருவனே போதிய சான்று. தேவரும் குற்றமற்றவரல்லர். சிவனை இகழ்ந்து செய்யப்பட்ட தக்கன் வேள்வியிற் கலந்துகொண்டதன் பயனையே அவர்கள் சூரனிடத்து அனுபவித்தனர் என்பது நூலின் கட்டுக்கோப்பிலேயே அமைந்த செய்தி.

யுத்த காண்டத்தின் உச்சம் போரில் இல்லை. போர் நின்றுபோகும் ஒரு கணத்தில் உள்ளது. முருகன் தன் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகின்றான். அதைக் கண்ட சூரனின் உள்ளம் நெகிழ்கின்றது. பாலன் என்று தான் இகழ்ந்தவன் யார் என்பது புலப்படுகின்றது. வலம்வரவும் கைகூப்பவும் தலைதாழ்த்தவும் அவன் உடல் விழைகின்றது. எனினும் அவன் வணங்கவில்லை. அவனைத் தடுத்தது அச்சமுமன்று, அறியாமையுமன்று, மானம். இவ்விடத்தில் கச்சியப்பரின் உளநூற் புலமை வியக்கத்தக்கது. மானம் தமிழ் மரபில் இழிகுணமன்று. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். சான்றோர் போற்றும் அதே பண்பு, உண்மையைக் கண்டபின்னும் அதன்முன் பணியவொட்டாது ஒருவனைக் கட்டிப்போடுமாயின், அதனை ஆணவம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியுமா? நமது சொற்பொழிவாளர் அடக்கிவிடுகின்றனர். அதனாற் சூரன் நமக்குத் தூரத்து அரக்கனாகி விடுகின்றான். அவனில் நம்மை இனங்காணும் தொல்லையும் இல்லாது போகின்றது.

இறுதியில் மாமரமாய் நின்ற சூரனை வேல் இருகூறாக்குகின்றது. ஒரு கூறு மயிலாகவும் மறுகூறு சேவலாகவும் வருகின்றன. இந்நிகழ்ச்சி நமக்கு மிகப் பழகிவிட்டமையால் அதன் புதுமையை நாம் உணர்வதில்லை. திருமுருகாற்றுப்படையிலே சூரன் அழிகின்றான், மாமரம் வெட்டுண்கின்றது, அவ்வளவே. காளிதாசனின் குமாரசம்பவத்திலோ பகைவன் தாரகன். அவன் பிறந்ததும் மாள்வதற்கே என்பதுபோற் கதை செல்லும். பகைவனை வாகனமாகவும் கொடியாகவும் ஏற்கும் முடிவினை இவ்விரண்டிலும் காண இயலாது.

கந்தபுராணம் இதற்கு மேலும் ஒருபடி செல்கின்றது. சூரனோடு பொருதவேளையில் முருகனைத் தாங்கிய மயில் இந்திரன். கொடியில் அமர்ந்த சேவல் அக்கினி. போர் முடிந்ததும் முருகன் இந்திரமயிலிலிருந்து இறங்கிச் சூரமயிலில் ஏறுகின்றான். யாருடைய விடுதலைக்காகப் போர் நிகழ்ந்ததோ அந்தத் தேவர்கோன் இருந்த இடம், அவனைத் துன்புறுத்தியவனுக்கு அளிக்கப்படுகின்றது. அருள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது, ஏற்கனவே அணுக்கமாயிருந்த ஒருவரை இடம்பெயர்த்தே நிகழ்கின்றது. சூரன்போர்த் திருவிழாவிற் யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம் என மாறிவரும் தலைகளை ஆர்வத்தோடு பார்த்து நிற்கும் நாம், இந்த இடமாற்றத்தைப் பற்றிப் பேசுவது அரிது.

தெய்வத்தின் செயல் யாவும் பின்பற்றுவதற்கு உரியனவோ என்ற வினாவையும் இங்கு எழுப்பவேண்டும். பிரணவத்தின் பொருளறியாத பிரமனைக் குட்டிச் சிறையிட்டவனும் இதே முருகன்தான். நந்திதேவர் வந்து கேட்டும் அவன் விடவில்லை. சிவனே நேரில் வரவேண்டியிருந்தது. இதனை ஒழுக்கப்பாடமாக்க முனைவோர் படும்பாடு சிறிது நகைப்புக்குரியது. புராணம் பாடநூலன்று.

யாழ்ப்பாணத்தவரின் வாழ்வைக் 'கந்தபுராண கலாசாரம்' எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பெயரிட்டழைத்தார்கள். கோயில்தோறும் ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடன மரபு, எழுத்தறியாதாரையும் இக்காவியத்தின் சுவைஞராக்கிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படனம் யார் காதில் விழுந்தது, யார் வெளிவீதியில் நின்று கேட்டனர் என்பதையும் சேர்த்தே அக்கலாசாரத்தை மதிப்பிடல் வேண்டும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள்ளே சென்று வழிபட முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் தடுக்கப்பட்டனர். அது வேறெந்தத் தெய்வத்தின் கோயிலுமன்று. தன்னை எதிர்த்துப் போரிட்டவனையே தன் ஊர்தியாக்கிக்கொண்டவனின் கோயில். வாயிலில் நின்று தடுத்தோருள் கந்தபுராணத்தைக் கேட்டறியாதார் இருந்திருப்பாரென்று கொள்வது கடினம். இந்திரமயிலிலிருந்து முருகன் இறங்கிய செய்யுளுக்கு அவர்கள் கேட்ட பயன் யாதாக இருந்திருக்கும் என்பதே புராணபடன மரபை ஆராயப்புகுவோர் முதலில் விடைகாணவேண்டிய வினா.