திறன் யாருக்கு இல்லை?

வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் 'திறன் வளர்ப்பு' என்ற சொல் வரும்போதெல்லாம் எழுவாயைத் தேடுகிறேன். தமிழ் கற்பிப்பவளின் பழக்கம். வளர்ப்பது நிறுவனம். செயப்படுபொருளாக நிற்பவள் ஏழைப் பெண். அவளிடம் ஏதோ குறைகிறது, அதனால்தான் வறுமை என்று அந்த வாக்கியமே சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்தது வேறு. அறிவொளி இயக்கம் என்றதும் நமக்குச் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அவர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் வழி செய்தார். பார்க்க அழகான காட்சி என்பதால் அது அதிகம் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது கல்குவாரி. அதே மாவட்டத்தில் குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதுவரை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்த அதே பெண்கள். அவர்களுக்கு யாரும் சம்மட்டி பிடிக்கப் பயிற்சி தரவில்லை. அது எப்போதோ கைக்கு வந்துவிட்ட தொழில். மாறியது குத்தகைத் தாளில் இருந்த பெயர். அதன் பிறகு எழுத்துக்கும் கணக்குக்கும் ஒரு வேலை இருந்தது: எத்தனை லோடு போயிற்று, எவ்வளவு வர வேண்டும் என்று அவர்களே பார்க்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் சுயஉதவிக் குழுக்களும் வேர்விட்டன. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவின. தீர்மானப் புத்தகம் எழுதவும், வங்கிக்குத் தனியாகப் போகவும், கிராம சபையில் எழுந்து பேசவும் பெண்கள் கற்றார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தவணை தவறாமல் கட்டுவதே அவர்களுடைய பெருந்திறமையாகப் புகழப்பட்டது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். வசூல் வேலை குழுவின் தலையில் விழுந்தது. பயிற்சி என்று வந்தவை தையல், மெழுகுவர்த்தி, ஊறுகாய். நம் ஊர்ப் பெண்ணுக்கு ஊறுகாய் போடச் சொல்லித்தர ஒருவர் ஜீப்பில் வந்தார்! போட்ட ஊறுகாயை எங்கே விற்பது என்பதற்கு அவரிடம் பாடம் இல்லை.

கள ஆய்வுக்குப் போகும் மாணவிகளிடம் ஒன்று சொல்வேன். ஆண்டறிக்கையில் 'பயிற்சி பெற்றோர்' என்றொரு பத்தி இருக்கும். அந்த ஆண்டில் எத்தனை பட்டா, எத்தனை குத்தகை பெண்கள் பெயருக்கு வந்தன என்ற பத்தி அதன் பக்கத்தில் இருக்கிறதா, பாருங்கள்.