கார்ல்சனின் ஐந்தாவது நகர்வு

2016 நவம்பர் 30, நியூயார்க். உலக செஸ் சாம்பியன் போட்டி டை-பிரேக்கின் நான்காவது ரேபிட் ஆட்டம். ஆளுக்கு 25 நிமிடம். மூன்றாவது ஆட்டத்தை வென்று, இதில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய கார்ல்சனுக்கு டிரா போதும். எதிராளி கர்யாகின் வென்றே ஆகவேண்டும். 50ஆவது நகர்வில் கார்ல்சன் ராணியை எச்6-இல் பலிகொடுத்து முடித்தார். ராஜா வெட்டினால் எச்8-இலும், சிப்பாய் வெட்டினால் எஃப்7-இலும் யானை மேட் வைக்கும். அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்த ஆட்டத்தின் பெருமையை நான் ஐந்தாவது நகர்வுக்கே கொடுப்பேன்.

சிசிலியன் தொடக்கத்தில் அந்த இடத்தில் குதிரையை சி3-க்குக் கொண்டுவருவதே வழக்கம். இ4 சிப்பாய்க்குக் காவல் கிடைக்கும். சி சிப்பாயின் வழி அடைபடும். கார்ல்சன் எஃப்3 ஆடிக் காவலைச் சிப்பாயிடம் விட்டார். ஏழாவது நகர்வில் சி4. கறுப்பு மூச்சுவிட நம்பியிருக்கும் டி5 உந்தல் அத்தோடு நின்றது.

விலை இல்லாமல் இல்லை. டி4 கட்டத்தைக் காக்க இனிச் சிப்பாய் கிடையாது. கறுப்பின் ஏ சிப்பாய் விரட்ட, பி3-இல் இருந்த குதிரை ஒன்பதாவது நகர்வில் சி1-க்கே ஓடியது. வென்றாக வேண்டிய வெள்ளை இப்படி ஆடினால் குறை சொல்வேன். கறுப்புக்குச் சமநிலை எளிதில் கிடைத்துவிடுகிறது. கார்ல்சனுக்கு அன்று சமநிலையே லாபம்.

கர்யாகினின் பிழை இங்கேதான். எஃப்3-க்கு மறுமொழியாக அவர் ஆடிய இ5 தரமான நகர்வு, ஆனால் நடுப்பலகையை இறுக்கிவிடுவது. சிக்கலைத் தேடவேண்டியவர் அமைதியான பலகையைத் தானே அமைத்துக்கொண்டார். பிறகு அவருடைய யானை ஏ3, ஏ6, ஏ5 என்று அலைந்தது. கார்ல்சனின் குதிரையோ சி1-இலிருந்து டி3, பி4 என்று வந்து, கடைசியில் சி6 பிஷப்பை வெட்டியது.

பொறுமை தீர்ந்த கர்யாகின் ஒரு யானையைத் தந்து குதிரையையும் இரண்டு சிப்பாய்களையும் எடுத்தார். கணக்கில் மோசமில்லை. ஆனால் அவர் வெட்டியவற்றில் ஒன்று அந்த சி4 சிப்பாய். அது போனதும் சி வரிசை திறந்தது. 43ஆவது நகர்வில் கார்ல்சனின் ஒரு யானை டி5-இல் வந்து நின்று, பிறகு எஃப்5-க்குத் தாவியது. இன்னொன்று திறந்த சி வரிசையில் ஏறி சி8-இல் செக் சொன்னது. எச்6 பலிக்குப் பின் மேட் வைக்கக் காத்திருந்தவை இவ்விரண்டு யானைகளும்தான். தொடக்க ஆய்வு என்ற அளவில் எஃப்3 சுமாரானது. அன்றைய நிலவரத்துக்கு அதைவிடப் பொருத்தமான நகர்வை என்னால் காட்ட முடியவில்லை.