குறிப்பேடும் குருமரபும்: அகத்தாய்வின் நெறிகள்

மனவளக்கலையின் தவப் பகுதி பரஞ்சோதி மகானிடமிருந்து அருட்தந்தை வேதாத்திரி மகரிஷிக்கு வந்து சேர்ந்த வழியையும், அது எளியமுறைக் குண்டலினி யோகமாக உருப்பெற்ற வரலாற்றையும் மன்றத்தார் நன்கறிவர் என்பதால், வெள்ளிவிழா மலருக்காக மன்றத் தலைவரும் மூத்தோரும் பணித்தபடி எழுதப்படும் இக்கட்டுரை அவற்றை மீண்டும் விரிக்காமல் அகத்தாய்வு ஒன்றையே எடுத்துக்கொள்கிறது. தவத்தால் அமைதியடைந்த மனத்தைக் கொண்டே அம்மனத்தில் எழும் எண்ணங்களையும் ஆசைகளையும் சினத்தையும் கவலையையும் எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சியே அகத்தாய்வு. தற்சோதனை என்ற பெயராலும் இது வழங்கியது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்து, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய மகரிஷி, தாம் பெற்ற தவத்தோடு தம் சொந்த வாழ்வின் ஆராய்ச்சியையும் சேர்த்து இம்மரபுக்கு அளித்த தனிப்பங்கு இதுவே.

தன் மனத்தைத் தானே கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தாயுமானவர் தம் நெஞ்சின் அலைச்சலைப் பாடல்தோறும் கடிந்துகொண்டார். வள்ளலார் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் பிற உயிர்களின் துன்பம் கண்டு தாம் அஞ்சியதையும் நடுங்கியதையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். எனினும் அவர்களுடையது இறைவன் முன் வைக்கப்படும் முறையீடு. அகத்தாய்வோ முறையீட்டை நிறுத்திவிட்டுத் தன் குணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் செயல்திட்டம்.

இவ்விடத்தில் ரமண மரபோடு உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்குவது கடமை. அகத்தாய்வின் ஐந்து படிகளுள் இறுதியானதன் பெயரும் ‘நான் யார்?’ என்றிருப்பதால் மூத்த அன்பர்களே சில வேளைகளில் இரண்டையும் ஒன்றாகக் கொள்கின்றனர். விரூபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குப் பகவான் ரமணர் அளித்த விடைகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ என்னும் நூலின் வழியில், சினம் எழுந்தால் அதன் காரணத்தை ஆராயாமல், அது யாருக்கு எழுந்தது என்று எண்ணத்தின் வேரை நோக்கித் திரும்புவதே சாதனை. தள்ள வேண்டிய குப்பையைக் கிளறிப் பார்ப்பதில் பயனில்லை என்று தத்துவங்களைக் குறித்து அந்நூல் சொல்லும் உவமையை அம்மரபினர் எண்ணங்களுக்கும் பொருத்துவர். அகத்தாய்வு குப்பையைத் தள்ளுவதற்கு முன், அது எந்த வீட்டிலிருந்து, எந்தப் பழக்கத்தால் நாள்தோறும் வந்து சேர்கிறது என்று கேட்கிறது. கூர்ந்த பக்குவமுடையார்க்கு முதல் வழி போதும். கடனும் பிள்ளைகளும் அலுவலகமும் சூழ்ந்த இல்லறத்தார்க்கு இரண்டாம் வழி இன்றியமையாதது என்பதே இம்மன்றத்தின் நிலை.

எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்னும் ஐந்தில் முதற்படியே மற்றவற்றைத் தாங்குகிறது. தேவை, பழக்கம், சூழ்நிலை நிர்ப்பந்தம், பிறர் மனத்தின் திணிப்பு, கருவமைப்பு, தெய்வீகம் என்னும் ஆறு மூலங்களில் ஓர் எண்ணம் எதிலிருந்து பிறந்தது என்று கண்டறியப் பழகியவர், தம் துயரங்களில் எத்தனை தமக்குரியன அல்ல, எத்தனை பிறரால் திணிக்கப்பட்டன என்று அறிகிறார். பல ஆண்டுக் குற்றவுணர்வு அந்த ஒரு கண்டறிதலிலேயே தளர்வதுண்டு. சினம் தவிர்த்தலில், அடிக்கடி சினம் கொள்ளும் நபர்களின் பெயர்களைப் பட்டியலிடும்போது, முதலிடத்தில் பகைவர் எவரும் வராமல் வாழ்க்கைத்துணையும் பெற்ற பிள்ளைகளுமே வருவதை ஒவ்வொருவரும் தம் கையெழுத்தில் காண நேர்கிறது. கவலைகளை அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என நான்காகப் பிரிப்பதும் அவ்வாறே. பிரிக்காதவரை எல்லாம் ஒரே பாறையாக நெஞ்சில் கிடக்கின்றன.

மேலைநாட்டு உளச்சிகிச்சையிலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. மனச்சோர்வுற்றோரிடம் தாமாகவே ஓடும் எண்ணங்கள் இருப்பதை 1960-களில் கவனித்த அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், நிகழ்ந்தது, எழுந்த எண்ணம், விளைந்த உணர்வு என்று கட்டமிட்டு எழுதவைக்கும் முறையை வளர்த்தார். அம்முறை நோயாளிகளிடம் சோதித்து அளக்கப்பட்டது. அகத்தாய்வு நல்வாழ்வுப் பயிற்சியே அன்றி மருத்துவமன்று. ஆழ்ந்த மனச்சோர்வோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ உள்ளவரை மனநல மருத்துவரிடம் அனுப்புவது ஆசிரியரின் முதற்கடமை. சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்கள் அறிவுரையை முந்திக்கொண்டு சொல்லாமல் செவிமடுத்துக் கேட்பதை, மன்ற ஆசிரியர்களும் பயில்வது நலம்.

மன்றங்களிடையே தவத்தை முதன்மையாக்குவன, காயகல்பத்தையும் உடற்பயிற்சியையும் முதன்மையாக்குவன, பிரம்மஞானத் தத்துவ விளக்கத்தில் ஊன்றியவை என்று பல சாய்வுகள் உண்டு, எதுவும் பிழையன்று. இம்மன்றத்துக்கு வாய்த்தது குறிப்பேட்டு வழி. இதை வகுத்தளித்த மூத்த பேராசிரியர் ஐயா, ஆழியாற்றில் நடந்த மனவளக்கலைப் பயிற்சிகளில் தாம் எழுதிய ஏடுகளை இறுதிவரை பாதுகாத்ததோடு, மாணவர் ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தனியே வைக்க வேண்டும், ஒரு சினத்தைக் குறித்து ஏழு நாள் தொடர்ந்து எழுத வேண்டும், எழுதியதை ஆசிரியர் உட்பட எவரும் கேட்டு வாங்கிப் படிக்கக்கூடாது என்று மூன்று விதிகளை வைத்தார். மூன்றாம் விதியே அவர் மேன்மை. படிக்கப்படும் என்ற அச்சம் புகுந்தவுடன் கை நேர்மையாக எழுதாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஏழு நாள் முடிவில் சங்கற்பத்தைத் தம் சொற்களிலேயே எழுதச் சொல்வாரே தவிர, ஒரு சொல்லையும் வழங்கமாட்டார்.

இன்று சில இடங்களில், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், இம்முறை மெலிந்து வருவதாகத் தோன்றுகிறது. காலக்குறைவு கருதி ஐந்து படிகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அடக்கப்படுகின்றன. நோட்டுக்குப் பதில் ஒரு தாள் அச்சிட்டுத் தரப்படுகிறது. அத்தாளில் ஆசைகளும் கவலைகளும் முன்கூட்டியே அடுக்கப்பட்டிருக்க, பயில்பவர் பக்கத்திலுள்ள கட்டங்களில் குறியிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார். மாமியாரின் ஒரு சொல்லுக்காகப் பதினைந்து ஆண்டு மனம் புழுங்கிய ஒருவர், ‘உறவினர் மீது சினம்’ என்ற அச்சுச் சொற்களுக்கு எதிரே குறியிட்டால் அவருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? அந்தச் சொல் எது, சொல்லப்பட்ட நாள் எது, அன்று தாம் வாய்மூடி இருந்தது அச்சத்தாலா வஞ்சத்தாலா என்பன அக்கட்டத்துக்குள் அடங்குமா? குறிகளை எண்ணி மதிப்பெண் இடும் வழக்கமும் சில இடங்களில் புகுந்துள்ளதாகக் கேள்வி. பேராசை நிறைமனமாகவும், சினம் பொறுமையாகவும், கடும்பற்று ஈகையாகவும், வஞ்சம் மன்னிப்பாகவும் மாற ஒரு வாழ்நாள் வேண்டும் என்ற மரபில் மதிப்பெண்ணுக்கு இடமேது?

தாள் சிறிய பொருள் என்று சிலர் கருதலாம். ஆனால் தாள் வந்தபின் எழுதுவோர் குறைந்தனர். எழுதுவோர் குறைந்தபின் ஆசிரியர்களுக்கும் தம் ஏடு இல்லாது போயிற்று. ஏடில்லா ஆசிரியர் பிறர் துயரைக் கேட்கும்போது சொல்லத் தம் அனுபவம் இல்லாமையால் புத்தக வரிகளைச் சொல்கிறார். புத்தக வரியைக் கேட்டவர் வாழ்க வளமுடன் என்று கூறி விடைபெற்று மறுவாரம் வருவதில்லை. மன்றங்களில் தவமேடை நிறைந்தும் அகத்தாய்வு வகுப்பு வெறிச்சோடியும் இருப்பதற்கும், அருள்நிதிப் பட்டம் பெற்றோர் வீட்டிலும் உரத்த குரல் கேட்பதற்கும், இளையோர் இம்மரபை மூச்சுப்பயிற்சி என்று மட்டும் எண்ணுவதற்கும் அந்த அச்சுத்தாளே காரணம் என்று சொல்வது மிகையெனப் படினும், இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து அதுவே. எவரையும் குறித்துச் சொன்னதன்று, பெரியோர் பொறுத்தருள்வர்.

வரும் தை மாதம் தொடங்கும் அகத்தாய்வு முதல்நிலை வகுப்புக்குப் பெயர் கொடுப்போர், நாற்பது பக்கக் கோடிட்ட நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் கொண்டுவருமாறு வேண்டப்படுகின்றனர். கற்பிக்க முன்வரும் துணைப் பேராசிரியர்கள் அதற்குள் தங்கள் நோட்டில் ஏழு நாளேனும் எழுதி முடித்திருக்க வேண்டுகிறோம்.