சிப்பி அறுவையும் கணினியின் ஏழு கட்டங்களும்

அறுவை சிகிச்சையைக் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதிவைப்பது எப்படி என்று ஆராய ஒரு தனித் துறையே இருக்கிறது. யார், எந்தக் கருவியால், எந்த உறுப்பில், எப்போது, என்ன செய்கிறார் என்று ஒவ்வொரு செயலையும் பிரித்துப் பதிவார்கள். ஜெர்மனியின் லைப்சிக், பிரான்சின் ரென் நகரங்களில் உள்ள குழுக்கள் இதில் நிறையச் செய்திருக்கின்றன. இந்தக் கட்டுரைகளை வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு குறை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கு. அதை விளக்க நம்ம தூத்துக்குடி முத்துச்சிப்பியே போதும்.

1973-ல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி இந்தியாவில் முதன்முதலாக உருண்டை வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். அடிப்படையில் அதுவும் ஒரு அறுவைதான். மென்தால் போட்டுச் சிப்பியைத் தளர்த்த வேண்டும். இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள சதை மடிப்பிலிருந்து 2-3 மி.மீ. துண்டு நறுக்க வேண்டும். சிப்பியின் காலடியில் கீறி, உள்ளே வழி செய்து, ஓட்டில் கடைந்த மணியையும் அந்தத் துண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். பிறகு கடலில் விட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய மணி என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல ஆகும்.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு சின்ன விஷயம். சதைத் துண்டுக்கு இரண்டு முகம் உண்டு. ஓட்டைப் பார்த்திருந்த முகம்தான் முத்துப்பொருளைச் சுரக்கும். அதுதான் மணியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். திரும்பிப்போனால் முத்துப்பை சரியாக உருவாகாமல் போகலாம், முத்து கெட்டுவரலாம்.

இந்த வேலையை வீடியோ எடுத்து மேலே சொன்ன முறையில் பதிந்தால் என்ன கிடைக்கும்? "துண்டை வைத்தல், கருவி: ஊசி, இடம்: சினைப்பை." முகம் சரியாக இருந்தாலும் இதே வரிதான், தப்பாக இருந்தாலும் இதே வரிதான். வரிசை சரி, கருவி சரி, நேரம் சரி. முத்துதான் இருக்காது.

சரி, சிப்பியில் தப்பினால் நஷ்டத்தோடு போச்சு. மனுஷன்னா?

இத்துறையில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் தரவுத் தொகுப்புகளில் ஒன்று, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உருவாகி 2016-ல் வந்த 'கோலெக்80'. 13 மருத்துவர்கள் செய்த 80 பித்தப்பை அகற்றும் அறுவைகள், ஒவ்வொன்றும் ஏழு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. மூன்றாவது கட்டம் 'கிளிப் போட்டு வெட்டுதல்'. வெட்டுவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஸ்ட்ராஸ்பெர்க் 1995-லேயே வகுத்துவிட்டார்: கொழுப்பும் நாரும் நீங்கிய முக்கோணப் பகுதி, கல்லீரலிலிருந்து பிரிந்த பித்தப்பையின் கீழ்ப்பகுதி, பித்தப்பைக்குள் போகும் இரண்டே இரண்டு குழாய்கள். இது தெரியாமல் வெட்டினால் முதன்மைப் பித்தநாளமே வெட்டுப்படலாம். அந்தக் காயம் நோயாளியை வாழ்நாள் முழுக்கத் துரத்தக்கூடியது. ஆனால் ஏழு கட்டங்களில் இந்த நிபந்தனைக்கு இடமில்லை. பார்த்து வெட்டியவரும் பார்க்காமல் வெட்டியவரும் கணினிக்கு ஒரே மூன்றாம் கட்டம்தான்.

கட்டப் பட்டியலே வீண் என்று நான் சொல்லவில்லை. அறுவை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அடுத்த நோயாளியை எப்போது தயார் செய்யலாம் என்று கணிக்க அது போதும். பின்னால் வந்த சில தொகுப்புகள் அந்த மூன்று நிபந்தனைகளையும் தனியாகக் குறித்திருக்கின்றன. அது சரியான திசை. என் சண்டையெல்லாம், கட்டங்களைச் சரியாகப் பெயர் சொன்னதற்காகவே ஒரு மாதிரி அறுவையைப் "புரிந்துகொண்டது" என்று எழுதும் பழக்கத்தோடுதான்.

கை எப்படி அசைந்தது என்பது அறுவையில் பாதிதான். எது உறுதியான பிறகு அசைந்தது என்பது மீதி. அந்த மீதியையும் ஒவ்வொரு கட்டத்தின் வாசலிலும் ஒரு கேள்வியாக எழுதிவைக்காத மாதிரியை, மருத்துவருக்கு யோசனை சொல்லும் இடத்தில் உட்காரவைக்கக் கூடாது.